கோத்தகிரியின் உயரம் எவ்வளவு? உலகப் பொதுச் சுகாதாரப் படிப்புக்கு விண்ணப்பித்த ஒரு செவிலியரின் அனுபவம்

உதவித்தொகை நேர்காணலில் என்னிடம் கேட்கப்பட்ட மூன்றாவது கேள்வி, கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. என் பதற்றத்தைத் தணிக்கத்தான் ஊர்க்கதை கேட்கிறார்கள் என்று எண்ணி, ஏறத்தாழ 1,800 மீட்டர் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். "அப்படியானால் நீங்கள் எடுத்த ஹீமோகுளோபின் அளவுகளை உயரத்துக்கு ஏற்பத் திருத்தினீர்களா?" என்று அடுத்த கேள்வி வந்தது. தேயிலைத் தோட்டப் பெண்களின் இரத்தசோகையைப் பற்றி விண்ணப்பத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்த எனக்கு, அப்படி ஒரு திருத்தம் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. அந்த ஆண்டு உதவித்தொகை கிடைக்கவில்லை, கிடைக்காதது நியாயமே.

உயரம் கூடக் கூடக் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதை ஈடுகட்ட, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை உடல் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது. ஆகவே சமவெளியில் போதுமானதாகக் கருதப்படும் அளவு மலையில் போதாது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராம், கர்ப்பிணிக்கு 11 கிராம், அதற்குக் கீழே போனால் இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்புடன், அந்நாளில் நடப்பிலிருந்த அட்டவணைப்படி 1,500 மீட்டர் உயரத்தில் 0.5 கிராமும் 2,000 மீட்டரில் 0.8 கிராமும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் திருத்தம் முன்பு 1,000 மீட்டரிலிருந்து தொடங்கியது. 2024இல் வெளியான புதிய வழிகாட்டுதலில் 500 மீட்டரிலிருந்தே தொடங்குகிறது. ஒரே நீலகிரி மாவட்டத்துக்குள் கூடலூரில் ஒரு வரம்பும் உதகையில் வேறொரு வரம்பும் பொருந்தும் என்பதை, நான்கு ஆண்டு செவிலியப் படிப்பிலும் இரண்டு ஆண்டு நடமாடும் மருத்துவ முகாம் பணியிலும் நான் அறிந்திருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் பழைய பதிவேட்டை எடுத்து வரிசை வரிசையாகத் திருத்தினேன். அதில் என் அம்மாவின் பெயரும் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். 12.3 என்ற எண்ணுக்கு எதிரே "சரி" என்று எழுதியிருந்தது என் கையெழுத்துதான்.

அதே பதிவேட்டில் அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. எங்கள் முகாம் வியாழக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு நடந்தது. அந்நேரத்தில் பறிக்கப் போகும் பெண்கள் எல்லோரும் தேயிலைக் காட்டில் இருப்பார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளிலிருந்து வந்தவர்கள் வேலையை விட்டு நின்றவர்கள், முதியவர்கள், கைக்குழந்தைக்காரிகள். வந்தவர்களில் இத்தனை பேருக்கு இரத்தசோகை என்று நான் எழுதினேனே தவிர, அந்தத் தோட்டத்தில் மொத்தம் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எங்கும் எழுதவில்லை. பள்ளிக் கணக்கில் சொன்னால், என்னிடம் தொகுதி இருந்தது, பகுதி இல்லை. மறு ஆண்டு தோட்டத்தின் பேரேட்டிலிருந்து பறிப்புப் பெண்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு, மாலையில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலேயே பரிசோதனை மேசையைப் போட்டேன். முதல் நாள் முன்வரிசையில் நின்ற பெரியம்மா, "நிறுத்துட்டு வந்துர்றேன் கண்ணு, மழையில நனைஞ்சா தண்ணிக்குன்னு எடையில கழிச்சுருவாங்க" என்று கூடையோடு நகர்ந்து போனார். நிறுத்து முடித்த பிறகே விரலில் ஊசி குத்துவது என்ற ஒழுங்கு அன்றிலிருந்து வந்தது. பட்டியலில் இருந்தவர்களில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதையும் குறித்தேன். இரண்டாம் முறை நான் விண்ணப்பித்தபோது கட்டுரையின் பாதி, வராதவர்களைப் பற்றியதாக இருந்தது. அந்த முறை இடமும் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது.

பொதுச் சுகாதாரத் துறைக்கு வர மருத்துவப் பட்டம் இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் மலைப்பகுதி மாணவர்களிடம் இன்னும் பலமாக இருக்கிறது. செவிலியர், மருந்தாளுநர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், புள்ளியியல், சமூகப்பணி, உணவியல் படித்தவர்கள் எல்லோரும் இதில் பணியாற்றுகிறார்கள். வெறிநாய்க்கடி, குரங்குக் காய்ச்சல் போன்ற விலங்குவழி நோய்கள் உள்ள எங்கள் காட்டோரப் பகுதிகளுக்குக் கால்நடை மருத்துவரின் தேவை மருத்துவரின் தேவைக்குக் குறைந்ததன்று. உள்நாட்டிலேயே முதுகலை படிக்க விரும்புவோர் சென்னை அயப்பாக்கத்திலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றின் அறிவிக்கைகளைக் கவனித்து வரலாம். யாரைச் சேர்க்கிறார்கள் என்ற விதியை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் படியுங்கள். வெளிநாட்டுப் படிப்பு அவசியமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, வேறு நாட்டவரோடு உட்கார்ந்து வேலை செய்யும் பழக்கம் அங்கே வரும், தொற்றுநோயியல் இங்கேயும் அதே தொற்றுநோயியல்தான் என்பது. கடன் வாங்கிப் போவதை நான் பரிந்துரைப்பதில்லை.

விண்ணப்பத்தோடு இணைக்கும் நோக்க அறிக்கையில் "உலகம்" என்ற சொல்லைப் பத்து இடங்களில் எழுதுகிறவர்கள், தங்கள் மலைக்கும் இத்துறைக்கும் உள்ள தொடர்பை அறியாமல் இருப்பதுதான் எனக்கு வியப்பு. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907 முதல் இயங்குகிறது. அங்கே ஓர் அறையில் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் 1918இல் தொடங்கிய, பெரிபெரி என்ற வைட்டமின் குறைபாட்டு நோயின் ஆய்வே வளர்ந்து, ஊட்டச்சத்து ஆய்வகமாகி, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது. மெக்கரிசனுக்குப் பின் 1935இல் குன்னூருக்கு வந்த வாலஸ் அய்க்ராய்டு, அதற்கு முன், ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தின் சுகாதார அமைப்பில் ஜெனீவாவில் பணியாற்றியவர். பத்து ஆண்டுகள் இங்கே இந்திய உணவுகளின் சத்துகளை அளந்துவிட்டு, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பில் ஊட்டச்சத்துப் பிரிவின் முதல் இயக்குநரானார். ஜெனீவாவிலிருந்து குன்னூருக்கு வந்ததை அவர் இறக்கமாகக் கருதியிருந்தால் இந்திய உணவுகளின் அந்தச் சத்துப் பட்டியல் பிறந்திராது. நீலகிரிப் பழங்குடியினர் சிலரிடம், சிவப்பணுக்கள் அரிவாள் வடிவாகும் பரம்பரைக் கோளாறான அரிவாளணுப் பண்பு இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952இல் வெளியிட்டார்கள். அரிவாளணு நோயை 2047க்குள் ஒழிக்க வேண்டும் என்ற தேசிய இயக்கம் 2023இல் தொடங்கியது. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் இந்த மலையில் என்ன நடந்தது என்று தேடிப் படித்தாலே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு கிடைக்கும்.

உதவித்தொகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். தன்னார்வப் பணியும் கணக்கில் சேரும் என்பதால் முகாம்களில் செலவிட்ட மணிகளுக்குச் சான்று வாங்கி வையுங்கள். படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்கு உண்டு. ஜெர்மனியின் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு, வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்கு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறது. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கின்றன. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் இவற்றைக் கேள்விப்படாத பட்டதாரிகளை இன்றும் சந்திக்கிறேன். பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பதவியில் இருப்பவரிடம் கேட்காமல், உங்கள் வேலையைப் பார்த்தவரிடம் கேளுங்கள். என் முதல் கடிதம் என்னை ஒரே ஒரு முறை பார்த்த மேலதிகாரி எழுதியது. "கடின உழைப்பாளி" என்ற சொல் அதில் மூன்று முறை வந்தது. இரண்டாவது கடிதத்தை எழுதிய முகாம் மருத்துவர், நிறுவைக் கொட்டகைக்கு மேசையை நகர்த்திய கதையை எழுதினார்.

படிப்புக்குப் பிறகான வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தில் பி-3 எனப்படும் இடைநிலை அலுவலர் பணிக்கே ஐந்து ஆண்டு அனுபவமும் அதில் ஓரளவு வெளிநாட்டு அனுபவமும் கேட்பார்கள். பட்டம் பெற்ற கையோடு யாரும் ஜெனீவாவுக்குப் போவதில்லை. பெரும்பாலான வேலைகள் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்து வெளிநாட்டு உதவியையும் நிறுத்திவைத்தபோது, என்னோடு படித்தவர்களில் சிலர் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். பல நாடுகளில் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளை நடத்தி வந்த பன்னாட்டுத் திட்டமும் அவ்வாண்டு தடைப்பட்டது. அதற்காக இத்துறைக்கு வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொந்த நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பில் நிற்கக்கூடிய ஒரு திறன், அதாவது தரவைச் சேகரித்து, சரிபார்த்து, பகுத்து எழுதும் திறன், கையில் இல்லாமல் வெளிநாட்டு ஒப்பந்தத்தை மட்டும் நம்பி வருவது இன்றைக்கு ஆபத்தானது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசமானது. தேசியக் குடும்பநல ஆய்வின் நீலகிரி மாவட்ட அறிக்கையும் இணையத்தில் கிடைக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் என்று ஆறு மாதம் உட்கார்ந்தால் போதும். ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் ஓரளவு தெரிந்தால் மேற்கு ஆப்பிரிக்கப் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். நான் கற்கத் தவறியது அது.

படிப்பு முடிந்தபின் என் முதல் ஒப்பந்தம் எத்தியோப்பியாவில் அமைந்தது. அடிஸ் அபாபா உதகையைவிடச் சற்று உயரம். விடியற்காலைக் குளிரும் யூகலிப்டஸ் மணமும் பழகியவையாகவே இருந்தன. அங்கே வீடு வீடாகச் செல்லும் களப்பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில், ஹீமோகுளோபின் கட்டத்துக்கு முன்னாலேயே உயரத்துக்கென்று ஒரு கட்டம் அச்சாகியிருந்தது.

இப்போது ஊருக்குத் திரும்பி, விண்ணப்பிக்கும் மாணவர்களின் வரைவுகளைப் படித்துக் கொடுக்கிறேன். அக்டோபரில் முடியும் விண்ணப்பத்தைச் செப்டம்பர் கடைசியில் அனுப்பி "பார்த்துச் சொல்லுங்க அக்கா" என்பவர்களே அதிகம். மே மாதத்திலேயே அனுப்பினால்தான் திருத்துவதற்குக் களத்துக்குப் போய்வர நேரம் இருக்கும். சென்ற மாதம் பந்தலூர்ப் பக்கமிருந்து ஒரு செவிலிய மாணவி, பணியர் பழங்குடியினரின் குடியிருப்பான பாடி ஒன்றில் அரிவாளணுப் பரிசோதனைக்கு உதவியதைப் பற்றி நன்றாகவே எழுதி அனுப்பியிருந்தார். எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது என்று இருந்தது; பாடியில் மொத்தம் எத்தனை பேர் என்று இல்லை. கேட்டு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பாடியின் தலைவரான மூப்பனோடு வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டு வருவதாகப் பதில் வந்திருக்கிறது.