கடற்கரைக் கம்பியில் முதல் புல்-அப்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை நடைபாதையில் இருக்கும் இலவச உடற்பயிற்சிக் கருவிகளில் உருப்படியானது வெறும் கம்பிதான். ஆடுகிற, மிதிக்கிற சாதனங்கள் உடம்பைச் சூடாக்க மட்டும் உதவும்.

தொங்குமுன் கம்பியை இரு கையாலும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். உப்புக் காற்றில் போல்ட்டும் பற்றவைத்த மூட்டும்தான் முதலில் துருப்பிடிக்கும். அங்கே பெயின்ட் உப்பியிருந்தால் வேறு கம்பிக்குப் போய்விடுங்கள். ஈரம் துடைக்க ஒரு துண்டு வேண்டும்.

ஒரு புல்-அப் (கம்பியில் தொங்கி, முகவாய் கம்பிக்கு மேல் வரும்வரை உடம்பை இழுப்பது) கூட வராதவர்கள் 20 விநாடித் தொங்கலை 3 முறை செய்து தொடங்கலாம். அது பழகியதும், உறுதியான பெட்டியிலோ பெஞ்சிலோ ஏறி, முகவாய் கம்பிக்கு மேல் இருக்கும்படி பிடித்து, 5 விநாடி எடுத்து மெல்ல இறங்குங்கள். 4 முறை, 3 சுற்று, வாரம் 2 நாள் போதும். கடைசிப் பாதியில் 'தொப்'பென்று விழுந்தால் பயனில்லை, எண்ணிக்கையைக் குறையுங்கள். தோள்பட்டையைக் காதிலிருந்து கீழே இழுத்த பிறகே முழங்கையை மடக்க வேண்டும். காலை உதறி எம்பினால் தோள் பிடித்துக்கொள்ளலாம்.

இணைக்கம்பியில் டிப்ஸ் (இரு கம்பிகளில் கையூன்றி உடம்பை இறக்கி ஏற்றுவது) என்றால் மேல்கை தரைக்கு இணையாகும் வரை இறங்கினால் போதும்.

டிசம்பரில் 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும். வெயில் ஏறினால் கம்பி தோசைக்கல்! காவடி விரத நாட்களில் சுற்றைக் குறைக்கலாம், தொங்கலை மட்டும் விடாதீர்கள்.