26 ஆவதற்குள்

செப்டம்பர் 3, 2025, புதன், பெர்லின்

மாணவர் அட்டையின் கீழ்விளிம்பில் அச்சாகியிருக்கும் 30.09.2025 என்ற தேதி வெளிறத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் இயந்திரத்தில் செருகி எடுத்தால் பழைய தேதி அழிந்து புதிய தேதி பதிவாகும் வகை அட்டை இது. பணப்பைக்குள் நாள்தோறும் உரசுவதால் எழுத்து நிற்பதில்லை. பெயரும் படமும் பதிவெண்ணும் இருக்கின்றன, பிறந்த தேதி இல்லை. வேற்று நாட்டில் இதை நீட்டினால் கவுன்ட்டரில் இருப்பவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்ததாக வயதுக்குச் சான்று கேட்பார். ஆகவே இன்று ஐ.எஸ்.ஐ.சி. எனும் சர்வதேச மாணவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தேன். 1968 முதல் யுனெஸ்கோவின் ஒப்புதல் பெற்றது என்பதால் மட்டுமன்றி, பிறந்த தேதியும் கல்விநிலையத்தின் பெயரும் படமும் ஒரே இடத்தில் இருப்பதாலும் அது பயணத்துக்குத் தோதானது. அதற்குப் போனஃபைட் சான்றிதழ் கேட்டார்கள். ஊரில் அந்த ஒரு தாளுக்காகத் துறைத்தலைவர் அறை வாசலில் கால்கடுக்க நின்றிருக்கிறேன்; இங்கே மாணவர் இணையதளத்திலிருந்து உடனே தரவிறக்கிக்கொள்ள முடிகிறது.

ஆய்வேட்டுக்கு மதிப்பெண் வரவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

பேராசிரியரின் முகவரியிலிருந்து, அவர் விடுப்பில் இருப்பதாகத் தானியங்கி மறுமொழி மட்டும் வருகிறது.

செப்டம்பர் 6, சனி

பாரிஸுக்கு இரவுப் பேருந்து கிளம்ப நேரமிருந்ததால், என் பல்கலைக்கழகத்திலேயே படிக்கும், நான் அண்ணா என்று அழைக்கும் மூத்த நண்பரும் நானும் அருங்காட்சியகத் தீவுக்குப் போனோம். நோயஸ் மியூசியத்தில் முழுக் கட்டணம் 14 யூரோ, மாணவருக்கு 7. கவுன்ட்டரில் இருந்த அம்மையார் எங்கள் இருவரின் அட்டைகளையும் ஒரு நொடி பார்த்தார். நாடு எது, வயது என்ன என்று ஒரு கேள்வியும் இல்லை. அண்ணாவுக்கு 31 வயது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார் என்பதால் அவரும் மாணவரே. ஜெர்மனியில் பெரும்பாலும் எல்லா இடங்களிலும் கணக்கு இவ்வளவுதான்: படிக்கிறாயா, அட்டை செல்லுமா, உள்ளே போ.

எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் சிலை இருக்கும் அறையில் படமெடுக்க அனுமதியில்லை. பக்கத்திலுள்ள பெர்கமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் பூட்டப்பட்டது. 2027-இல் ஒரு பகுதியைத் திறக்கப் போவதாகச் சொல்கிறார்கள். அது திறக்கும்போது நான் எந்தக் கட்டணத்தில் நுழைவேன் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. அக்டோபர் 10 முதல் எனக்கு 26.

செப்டம்பர் 7, ஞாயிறு, பாரிஸ்

மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் ஓர்சே அருங்காட்சியகத்தில் யாருக்கும் கட்டணமில்லை. நேரத்தை மட்டும் முன்பதிவு செய்திருக்க வேண்டும். இந்த நாளைத் தேர்ந்தெடுத்தது அண்ணாதான். "தம்பி, இன்னைக்கு ஒருநாள்தான் உனக்கும் எனக்கும் ஒரே விலை, நாளைக்குப் பாரு" என்றார்.

செப்டம்பர் 8, திங்கள்

லூவரில் என் மாணவர் அட்டையை வெளியே எடுக்கவே தேவைப்படவில்லை. பொதுவான மாணவர் கட்டணம் என்ற ஒன்று அங்கே இல்லை. 18 வயது நிரம்பாதோருக்கு எந்நாட்டவராயினும் இலவசம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்போருக்கு 26 வயது ஆகும்வரை இலவசம், மற்றவர்களுக்கு 22 யூரோ. பிரான்சின் தேசிய அருங்காட்சியகங்களில் இளைஞருக்கான இந்த இலவச அனுமதி 2009 ஏப்ரலில் தொடங்கியது. கவனிக்க வேண்டியது, வசிப்பவர் என்றுதான் விதி சொல்கிறது, குடிமகன் என்று சொல்லவில்லை. இந்தியக் கடவுச்சீட்டோடு வந்த என்னை உள்ளே விட்டது ஜெர்மனி கொடுத்த குடியிருப்பு அனுமதி அட்டை. இலவசமாக நுழைபவரும் இணையத்தில் நேரம் குறித்துப் பூஜ்ய யூரோவுக்கு ஒரு சீட்டு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது என்று படித்திருந்தேன். வெளியே நின்ற வரிசையைப் பார்த்தபோது அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது.

சீட்டைச் சரிபார்த்த இளைஞர் என் அனுமதி அட்டையை வாங்கி, பெருவிரலைப் பிறந்த தேதியின்மீது வைத்து, 1999 என்ற எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டு, ஒரு கணம் கூரையைப் பார்த்துக் கழித்துப் பார்த்தார். அக்டோபர் என்பதைக் கண்டதும் சிரித்து, கையால் உள்ளே போகச் சொன்னார். அண்ணா 22 யூரோ கொடுத்து வந்தார். அதே நாட்டில் வசிக்கிறார், அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறார், வயது ஒன்றுதான் அவருக்கு எதிராக நின்றது. மாலை முழுவதும் அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மோனாலிசாவின் முன் நின்ற கூட்டத்தைப் பற்றி மட்டும் குறைபட்டுக்கொண்டார்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அடுத்த ஆண்டு முதல் லூவரில் கூடுதல் கட்டணம் வாங்கப்போவதாகக் கடந்த ஜனவரியில் அதிபர் மக்ரோன் அறிவித்தார். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்ற பலகையைக் கடந்து போன நாள்களில் எனக்கு ஒருமுறைகூடக் கோபம் வந்ததில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஈஃபல் கோபுரத்தில் இளைஞர் கட்டணம் 12 முதல் 24 வயது வரைதான். அங்கே நான் ஏற்கெனவே பெரியவன். கீழே நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டோம். சேன்ட் ஷாப்பல் சிற்றாலயத்தில் மறுபடியும் நான் இளைஞன், கட்டணமில்லை. கண்ணாடிச் சாளரங்களுக்கு அடியில் அண்ணாவின் முகத்தில் நீலமும் சிவப்பும் விழுந்துகொண்டிருந்தன, அவர் தம் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி, பெர்லின்

இன்று முழுவதும் ஒரே யோசனை. என் பல்கலைக்கழக விதிப்படி, கடைசி மதிப்பெண் எந்தப் பருவத்தில் பதிவாகிறதோ அந்தப் பருவத்தின் முடிவோடு மாணவர் பதிவு முடிகிறது. பேராசிரியர் செப்டம்பர் 30-க்குள் மதிப்பெண் போட்டுவிட்டால் அக்டோபர் 1 அன்று நான் மாணவன் அல்லன். ஒருநாள் தாமதித்தால் அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை மாணவன். மதிப்பெண் வந்தால்தான் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால் அது விரைவில் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வந்துவிட்டால் பேருந்துச் சலுகை, உணவகச் சலுகை, அருங்காட்சியகச் சலுகை யாவும் ஒரே நாளில் போய்விடும் என்பதால், வரவேண்டாம் என்றும் இன்னொரு மூலையில் வேண்டிக்கொள்கிறேன். அம்மா தொலைபேசியில் கேட்டபோது முதல் பாதியை மட்டும் சொன்னேன். லூவர் சீட்டின் விலையை ரூபாயில் சொன்னதும், "ரெண்டாயிரத்துக்கு மேல குடுத்தா படம் பாக்குறாங்க?" என்றார். நான் கொடுக்கவில்லை, அண்ணாதான் கொடுத்தார் என்றேன். "அப்ப அந்தப் பிள்ளைக்கு நீ சாப்பாடாவது வாங்கிக் குடுத்தியா?"

செப்டம்பர் 13, சனி

கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளை கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 17, புதன், ரோம்

கொலோசியத்தில் முழுக் கட்டணம் 18 யூரோ. 18 முதல் 25 வயது வரையிலான ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு 2 யூரோ. இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்கள் கேட்பது குடியுரிமையை. பாரிஸில் வாசலைத் திறந்துவிட்ட அனுமதி அட்டையைக் கவுன்ட்டரில் நீட்டினேன். அந்தப் பெண் அதை மரியாதையுடன் திருப்பித் தந்து, கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று கேட்டார். அண்ணா எனக்குப் பின்னால் நின்று, நாகரிகம் கருதி அடக்கிக்கொண்ட சிரிப்போடு, "வாங்க, வாங்க, நம்ம கட்சிக்கு" என்றார். முன்னால் நின்ற ஜெர்மானிய மாணவி என் வகுப்புத்தோழியாகக்கூட இருந்திருக்கலாம். அவள் 2 யூரோ நாணயம் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள்.

கட்டணம் ஏழைக்குக் குறைய வேண்டுமா, படிப்பவருக்குக் குறைய வேண்டுமா, அந்த மண்ணுக்கு வரி கொடுப்பவருக்குக் குறைய வேண்டுமா என்பதை ஒவ்வொரு நாடும் தன் போக்கில் முடிவு செய்திருக்கிறது. மூன்றுக்கும் நியாயம் உண்டு. ஆனால் பகுதிநேர வேலையில் மாதந்தோறும் ஓய்வூதியப் பிடித்தம் கட்டுபவன் நான். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் எந்த வகையில் என்னைவிட 16 யூரோ உரிமை கூடியவள் என்று பாலட்டைன் குன்றின் மேல் ஏறும்வரை எனக்குப் பிடிபடவில்லை. ஏறிய பிறகும் பிடிபடவில்லை.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒன்றிய நாடுகளின் பல்கலைக்கழகங்களில் கட்டடக்கலை, தொல்லியல், கலை வரலாறு போன்றவற்றைப் படிப்போர் சேர்க்கைச் சான்றைக் காட்டினால் இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் இலவசமாக நுழையலாம். நான் படிப்பது இயந்திரப் பொறியியல். கொலோசியத்தின் வளைவுகள் பாரத்தை எப்படிக் கீழே கடத்துகின்றன என்பதை அண்ணாவுக்கு அரைமணி நேரம் விளக்கினேன், அதற்குச் சலுகை ஒன்றும் கிடையாது.

சீட்டில் பெயர் அச்சாகியிருக்கிறது. நுழைவாயிலில் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். என் முதலெழுத்து குடும்பப்பெயர் இடத்தில் வந்திருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியோனுக்கு 2023 ஜூலை முதல் கட்டணம் உண்டு. 5 யூரோ கொடுத்தோம். அங்கிருந்து ஆற்றைக் கடந்து நடந்தால் வாடிகன். அது வேறு நாடு என்பதை இன்று நன்றாக உணர்ந்தேன்: 25 வயதுவரை உள்ள மாணவருக்குச் சலுகை, குடியுரிமையைப் பற்றிப் பேச்சில்லை. ஐ.எஸ்.ஐ.சி. அட்டையைத் தொலைபேசியில் திறந்து காட்டினேன். இந்தப் பயணத்தில் அந்த அட்டை உழைத்தது இங்கே ஓர் இடத்தில்தான். மற்ற இடங்களில் ஒன்று அது தேவைப்படவில்லை, அல்லது போதவில்லை. அண்ணா முழுக் கட்டணம். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படமெடுக்கக் கூடாதென்று காவலர் மறுபடியும் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு, பெர்லின்

காய்ச்சல். படுத்தபடியே லண்டனைப் பற்றிப் படித்தேன். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிகளுக்கு யாருக்கும் கட்டணமில்லை. எழும்பூரில் பாதியைப் பார்த்த அமராவதிச் சிற்பங்களின் இன்னொரு பகுதியை அங்கே காசு கொடுக்காமல் பார்க்கலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் அந்த இலவசத்தை அடைய விசாவுக்கு 127 பவுண்டு கட்ட வேண்டும்.

செப்டம்பர் 24, புதன்

ஒன்றும் வரவில்லை.

செப்டம்பர் 27, சனி

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் 18 முதல் 25 வயது வரையிலான மாணவருக்கு இலவசம். எந்த நாட்டவர் என்ற கேள்வி கிடையாது. படிப்பும் வயதும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே விதி, அந்த இரண்டும் என்னிடம் சேர்ந்து இருப்பது அக்டோபர் 9 வரைதான். முழுக் கட்டணம் 15 யூரோ. அதை மிச்சப்படுத்த விமானத்துக்கு 74 யூரோ ஆகும் என்று காட்டுகிறது. தவிரவும், மாலையில் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் எல்லாருக்குமே இலவசம் என்பதால், 60 வயதிலும் நான் காசு கொடுக்காமல் நுழைய முடியும். இதையெல்லாம் அறிந்தே மூன்று முறை அந்த விமானப் பக்கத்தைத் திறந்து மூடினேன்.

அக்டோபர் 1, புதன்

பேராசிரியர் எழுதிவிட்டார். நவம்பர் நடுவில்தான் ஆய்வேட்டைப் படிக்க இயலும் என்கிறார். மதியம் பல்கலைக்கழகம் போய் அட்டையை இயந்திரத்தில் செருகினேன், 31.03.2026 என்று கருப்பாக, தெளிவாக வந்தது. இனி ஆறு மாதம் ஜெர்மனியில் அரைக் கட்டணம் உறுதி, லூவருக்கோ இன்னும் சில நாள்கள்தான். வேலைக்கான விண்ணப்பங்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டும், அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விமானம் இப்போது 81 யூரோ. அண்ணாவிடம் கேட்டிருக்கிறேன், மாலை இலவச நேரம் என்றால் தானும் வரத் தயார் என்றார், விடுப்புக்குத் தம் ஆய்வுக்கூடத் தலைவரிடம் நாளை கேட்கிறாராம்.