காற்று ரென்ச் வாங்கப் போய்க் காற்றைப் படித்த கதை

மட்டக்களப்புக் கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் வீடு. முற்றத்தில் நிற்கும் கொரோலா 121 காரின் சில்லு நட்டுகளை ஆறு மாதம் தொடாமல் விட்டால் உப்புக் காற்றில் கறள் ஏறிவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இருக்கிற காரையே பேணிக்கொள்ள வேண்டிய நிலை வந்ததால், பிறேக் பாட் மாற்றுவது, ஷொக் அப்சோபர் கழற்றுவது போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்யப் பழகினேன். ஸ்பேனரில் இரும்புப் பைப்பை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று நட்டைக் கழற்றும் வித்தைக்கு என் முதுகு ஒத்துழைக்காத ஒரு நாளில்தான், அழுத்திய காற்றில் இயங்கி, நட்டைத் தட்டித் தட்டிச் சுழற்றும் இம்பெக்ட் ரென்ச் ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்தேன். கராஜில் இதைக் ‘கன்’ என்பார்கள். அதைத் தமிழாக்கித் ‘துவக்கு’ என்று சொல்ல எங்கள் ஊரில் நாக்கு எழாது. ஆகவே காற்று ரென்ச் என்றே எழுதுகிறேன்.

பெட்டியில் அச்சிட்டிருந்த பெரிய முறுக்குவிசை எண்ணைப் பார்த்து நட்டைக் கவ்வும் சொக்கெட்டை மாட்டும் முனை அரை அங்குலமுள்ள ரென்ச்சை முதலில் வாங்கியதுதான் நான் செய்த பிழை. வீட்டில் ஏற்கெனவே இருந்த 2 குதிரைவலு, 50 லீற்றர் தாங்கியில் காற்றை அழுத்திச் சேர்க்கும் கொம்பிரஷரில் பூட்டி விசையை அழுத்தினேன். ‘டக டக’ என்று சத்தம் வந்ததே தவிர நட்டு அசையவில்லை. ரென்ச் பழுதென்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் ஆயத்தமானேன். கராஜ் நடத்தும் மைத்துனர் வந்து பார்த்துவிட்டு, “மச்சான், ரென்ச்சில பிழை இல்ல, அதுக்குக் காத்துப் போகுதில்ல” என்றார்.

அவர் சொன்னபடி ரென்ச்சின் வாயருகே ஒரு சிறிய அழுத்தமானியைப் பூட்டினோம். சும்மா இருக்கும்போது 90 பி.எஸ்.ஐ. காட்டிய முள், விசையை அழுத்தியதும் 55 க்கு இறங்கியது. இத்தகைய கருவிகளுக்குச் சொல்லப்படும் 90 என்பது, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது இருக்கவேண்டிய அழுத்தம். தாங்கியின் மானியில் தெரியும் எண்ணை நம்பி நான் ஏமாந்திருந்தேன். குற்றவாளி, டயருக்குக் காற்றடிக்க வைத்திருந்த 6 மில்லிமீற்றர் ஹோஸ். உள்விட்டம் 10 மில்லிமீற்றர் உள்ள ஹோஸையும் அதற்கேற்ற அகன்ற இணைப்புக் கப்ளர்களையும் மாற்றியதும் முள் 80 க்குக் கீழே போகவில்லை. அதே நட்டு மூன்று வினாடியில் கழன்றது.

கொம்பிரஷரின் அளவையும் அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். 50 லீற்றர் தாங்கி 8 பார் (அழுத்தத்தின் இன்னொரு அலகு) அளவிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது வெளிவரும் காற்று ஏறத்தாழ 100 லீற்றர். அரை அங்குல ரென்ச் விடாமல் ஓடினால் நிமிடத்துக்கு 600 லீற்றர்வரை விழுங்கும். ஆக, ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு வினாடிதான் முழுப் பலம் கிடைக்கும். ஒரு சில்லின் நான்கு நட்டுகளுக்கு அது போதும். பிறகு தாங்கி நிறையும்வரை காத்திருக்கலாம், அவசரம் என்ன? ஆனால் அரைக்கும் கருவி, வர்ணம் தெளிக்கும் கருவி போன்றவற்றுக்கு இந்தக் கொம்பிரஷர் காணாது.

பெரிய கொம்பிரஷர் தேடிக் கல்முனைக்குப் போனபோது, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கொம்பிரஷர் ஒன்று மலிவாகக் கண்ணில் பட்டது. நல்லவேளை, மோட்டாரின் தகட்டைத் துடைத்து வாசித்தேன்: 100 வோல்ட். நமது 230 வோல்ட்டில் நேரே செருகியிருந்தால் அங்கேயே புகைந்திருக்கும். தகுந்த ட்ரான்ஸ்போமருக்கும் சேர்த்துப் பார்த்தால் மலிவு மலிவாகவே இராது என்பதால் வெறுங்கையோடு திரும்பினேன்.

சொக்கெட் விடயத்தில் இன்னொரு பாடம். கையால் பாவிக்கும், பளபளக்கும் குரோம் வனேடியம் சொக்கெட்டை ரென்ச்சில் மாட்டியபோது, இரண்டாவது நட்டிலேயே அது நீளவாக்கில் பிளந்து, ஒரு துண்டு மதிலில் போய் அடித்தது. கண்ணாடி அணியாமல் நின்றதை நினைத்தால் இப்போதும் உடல் கூசுகிறது. தடித்த சுவருள்ள, கறுப்பு நிற, ஆறுமுனைக் குரோம் மொலிப்டினம் சொக்கெட்டுகளே அடியைத் தாங்கும். முழுப் பெட்டி வாங்காமல் 17, 19, 21 மில்லிமீற்றர் ஆகிய மூன்றை மட்டும் நல்ல தரத்தில் வாங்கினேன்; இந்தக் காருக்கு 21 தான் ஓயாமல் உழைக்கிறது.

கழற்றுவதற்கு மட்டுமே காற்று ரென்ச்சை எடுப்பேன். பூட்டும்போது நட்டைக் கையால் சுற்றி, குறுக்குக் குறுக்காக இறுக்கி, இறுதியில், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டோர்க் ரென்ச்சில் 103 நியூட்டன் மீற்றர் வைத்து முடிக்கிறேன். காசு மட்டாக இருந்தால் காற்று ரென்ச்சை விட்டுவிட்டு டோர்க் ரென்ச்சையே முதலில் வாங்குங்கள் என்பேன். கொம்பிரஷரே இல்லாதவர், சில்லு கழற்ற மட்டும் இத்தனை சாமான் சேர்ப்பதைவிட 18 வோல்ட் பற்றரி ரென்ச் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மார்கழி மழைக்காலத்தில் தாங்கியின் அடி வால்வைத் திறந்தால் கால் கோப்பை செம்மண் நிறத் தண்ணீர் கொட்டும். அந்தத் தண்ணீர் ரென்ச்சுக்குள் போனால் உள்ளே சுழலும் தகடுகள் கறளேறி ஒட்டிக்கொள்ளும் என்பதால், வேலை முடிந்ததும் அதை வடித்துவிட்டு, காற்று நுழையும் துளையில் நான்கு சொட்டு ஒயில் விட்டு, ஒரு தடவை விசையை அழுத்திய பின்னரே பெட்டியில் வைக்கிறேன்.

போன கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி தன் லொறிச் சில்லைக் கழற்ற இதைக் கேட்டார். அதற்கு முக்கால் அங்குலமோ ஒரு அங்குலமோ வேண்டும் என்று சொல்லி, மைத்துனரின் கராஜுக்கு வழி காட்டி அனுப்பினேன்.