கிண்டிக் காட்டுக்குள் நிகழ்ச்சி நடத்த அனுமதி: மனு முதல் வைப்புத்தொகை வரை

முதலில் காடு யாருடையது என்று பாருங்கள். கிண்டி தேசியப் பூங்கா, சுமார் 2.7 சதுர கி.மீ., 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. நன்மங்கலம் காப்புக்காடு, அதற்கு 1882ஆம் ஆண்டு வனச் சட்டம். செம்மொழிப் பூங்கா தோட்டக்கலைத் துறையிடம் இருக்கிறது. அடையாறு தொல்காப்பியப் பூங்காவுக்கு நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. இதைப் பார்க்காமல் எழுதிய மனு மேசை மேசையாகச் சுற்றி, பத்து நாள் கழித்து நம்மிடமே திரும்பி வரும். கிண்டி சிறுவர் பூங்கா டிக்கெட்டைக் காட்டிப் பின்னால் இருக்கும் காட்டுக்குள் போகவும் முடியாது.

கிண்டிக்கு மனு தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவை ஒரு முறை நிதானமாகப் படித்துவிடுங்கள். உள்ளே போக அனுமதி தரக்கூடிய காரணங்கள் அதில் கொஞ்சம்தான்: வன உயிரின ஆய்வும் கவனிப்பும், புகைப்படமும் திரைப்படப் பதிவும், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்கே குடியிருப்பவரோடு முறையான தொழில். உங்கள் வேலை இதில் எதற்குள் அடங்குகிறதோ அந்தச் சொல்லையே முதல் வரியில் எழுதுங்கள். "ஊழியர்களுக்கான ஒருநாள் கூடல்" என்று போட்டால் படிக்கிறவருக்குப் பிடி கிடைக்காது.

நல்ல மனுவின் நடு வரி இப்படி இருக்கும்: "மாணவர் 20, ஆசிரியர் 2, காலை 6.30 முதல் 9 வரை, பறவை நோக்கல், பைனாகுலர், நோட்டு மட்டும், ஒலிபெருக்கி இல்லை." இந்த ஒரு வரியிலேயே ரேஞ்சர் (வனச்சரக அலுவலர்) எத்தனை வனக்காப்பாளரை உடன் அனுப்புவது என்று முடிவு செய்துவிடலாம். பெயர்ப் பட்டியலை அடையாள அட்டை நகலோடு இணையுங்கள். வாசலில் தலை எண்ணுவார்கள். பட்டியலில் 22 பேர், வந்தது 24 என்றால் அந்த இருவர் வெளியே நிற்க வேண்டியதுதான்; கெஞ்சி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆராய்ச்சி மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது ஆய்வு மாதிரிகளைச் சேகரிப்பதில். உள்ளே போய்ப் பார்க்கும் அனுமதியை வைத்துக்கொண்டு ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. தேசியப் பூங்காவிலிருந்து எதையும் வெளியே எடுப்பது 35(6) பிரிவின்படி வேறு நடைமுறை, அதற்கு மாநில அரசு வரை போக வேண்டும். அதனால் முடிந்தவரை படம், அளவு, ஒலிப்பதிவு இவற்றோடு ஆய்வை வடிவமைத்துக்கொள்ளுங்கள்.

படப்பிடிப்புக்கு அதே சட்டத்தின் 2022 திருத்தம் ஒரு நிபந்தனையைத் தெளிவாக வைத்திருக்கிறது: வாழிடத்தில் மாற்றம் செய்யக் கூடாது, பாதிப்பும் வரக் கூடாது. செட், ஜெனரேட்டர், புகை எதையும் கேட்காதீர்கள். ட்ரோனையும் மறந்துவிடுங்கள், விமான நிலையம் பக்கம், ஆளுநர் மாளிகை ஒட்டினாற்போல்.

கட்டணத்தில் குழப்பம் வருவது ஒரே இடத்தில்தான்: கட்டணமும் வைப்புத்தொகையும் ஒன்றல்ல. நுழைவு, கேமரா, படப்பிடிப்பு நாள் கணக்கு எல்லாம் திரும்பாதவை. வைப்புத்தொகை திரும்பும், ஆனால் அசல் ரசீதும், இடம் சுத்தமாக ஒப்படைக்கப்பட்டது என்ற சரக அலுவலகக் குறிப்பும் இருந்தால்தான். அந்தக் குறிப்பைக் கிளம்பும்போதே வாங்கிவிடுங்கள், மறுவாரம் போய்க் கேட்டால் அன்று பணியில் இருந்தவரைத் தேடி அலைய வேண்டும். எவ்வளவு தொகை என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே செலுத்துங்கள்.

தேதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைக்காமல் இருப்பது நல்லது. 2016 டிசம்பரில் வர்தா புயல் கிண்டியில் மரங்களைச் சாய்த்தது. சாதாரண மழையிலும் பாதை சேறாகும், கட்டணம் கட்டிய நாள் வீணாகிவிடும்.

கடைசியாகப் பைகளைப் பாருங்கள். பிஸ்கட் உறை, ஸ்ட்ரா, தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் வாசலிலேயே நிற்கட்டும். கிண்டிப் பக்கம் இறந்துபோன புள்ளிமான்களின் இரைப்பையில் பிளாஸ்டிக் கிடந்தது பலமுறை செய்தியானது. உப்புச் சுவை ஒட்டிய ஒரு சிப்ஸ் கவர் மானுக்குத் தின்பண்டம்தான்.