முன்னறைத் தரைக்கு அடியில்

போன பிப்ரவரியில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். முன்னறையில் பாயை விரித்துச் சாப்பிட உட்கார்ந்தவர், ரசத்துக்கு வருவதற்குள் எழுந்துவிட்டார். "என்னடா தரை இப்படி ஐஸ் மாதிரி இருக்கு?" லேசர் தெர்மாமீட்டரை அடித்துப் பார்த்தேன். அறையில் 19 டிகிரி, தரைப் பலகையில் 13.5. சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகை ஓரத்தில் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை மேலே போகாமல் அறைக்குள் சாய்ந்தது.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீடு. நூறு வருஷத்துக்கு மேலான வரிசை வீடு. இந்த வயது வீடுகளில் கீழ்த்தளம் பெரும்பாலும் மண்மேல் உட்கார்ந்திருக்காது. அடியில் வெற்றிடம். அதில் முழங்கால் உயரச் செங்கல் சுவர்கள் (குட்டிச்சுவர்தான், ஆனால் நல்ல நிலையில்). அவற்றின் மேல் மரச்சட்டங்கள், அதற்கும் மேல் பலகை. வெளிச்சுவரில் இருக்கும் ஏர் பிரிக் ஓட்டைகள் வழியே காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். மண்ணின் ஈரம் மரத்தில் தங்காமல் காப்பது அந்தக் காற்றுதான். பலகை இடுக்கு வழியே ஏறி அம்மாவின் காலைக் கடித்ததும் அதேதான். அது கீழே ஓடட்டும், மேலே வரக் கூடாது. வேலை அவ்வளவுதான்.

வெற்றிடத்தின் உயரம் 40 சென்டிமீட்டர். அடியில் ஊர்ந்து போய்ச் செய்கிறவர்கள் உண்டு. என் தொப்பைக்கு அது ஒத்துவராது. அக்டோபரில் பலகைகளைக் கழற்றினேன். ஒவ்வொன்றின் பின்னாலும் சாக்பீஸால் எண் போட்டு வைத்தேன். பழைய தட்டை ஆணிகள் லேசில் விடுவதில்லை. இரண்டு பலகை பிளந்துவிட்டன.

முதலில் செய்தது ஈரம் பார்ப்பது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் உளுத்துப்போகும் அபாயம் உண்டு. நடுவில் 16, 17 காட்டிய மீட்டர், ஜன்னலோர மூலையில் 24 காட்டியது. டார்ச்சை அடித்தால், அந்தப் பக்கத்து ஏர் பிரிக்குக்குள் யாரோ பிளாஸ்டிக் பையைச் சுருட்டி அடைத்திருக்கிறார்கள்! குளிருக்குப் பயந்து செய்த வேலை. பையை உருவிவிட்டு ஐந்து வாரம் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தேன். 18-க்கு இறங்கியது. இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கவே கூடாது. குளிரைத் தடுக்கச் சட்டங்களுக்கு இடையே பஞ்சு வைத்தபின் வீட்டுச் சூடு அடியில் இறங்காது. வெற்றிடம் முன்பைவிடக் குளிரும், ஈரம் காய்வது மெதுவாகும். ஈரமான மரத்தை மூடுவது வினையை விலைக்கு வாங்குவதுதான்.

அப்படி வைக்கத் தெர்மகோல் பலகை மலிவாகக் கிடைத்தது. எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணர் எலக்ட்ரீசியன். எட்டிப் பார்த்தவர் தடுத்துவிட்டார்: "தம்பி, அது வயரிலை முட்டினா வயரின்ரை பிளாஸ்டிக் கெட்டுப் போகும், கவனம்." அதனால் 100 மில்லிமீட்டர் மினரல் வூல், அதாவது கனிம இழையால் ஆன பஞ்சு. சட்டங்களின் ஆழமும் ஏறக்குறைய அவ்வளவே. இடைவெளிதான் ஒன்றுபோல் இல்லை: 340, 365, ஓரிடத்தில் 310. ஒவ்வொன்றையும் அளந்து, ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி இறுக்கி வைக்க வேண்டியிருந்தது.

பஞ்சு கீழே விழாமலிருக்க, ஈரம் உள்ளே தங்காமல் வெளியேற விடும் மெம்பிரேன் துணியைச் சட்டத்துக்குச் சட்டம் தூளி கட்டுவதுபோல் தொங்கவிட்டு ஸ்டேப்பிள் அடித்தேன். அதற்குள் பஞ்சு. அதன்மேல் காற்றையும் அறையின் நீராவியையும் தடுக்கும் ஷீட்; விளிம்பைச் சுவர்வரை ஏற்றி டேப் ஒட்டினேன். முகமூடி போட்டும் இரண்டு நாள் கழுத்தெல்லாம் அரிப்பு.

பலகையைத் திருப்பி மாட்டும்போது வந்தது வினை. பதினோராம் பலகையில் ஸ்க்ரூவை இறக்கினேன், 'ஸ்ஸ்' என்று சத்தம். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு வெந்நீர் கொண்டுபோகும் குழாய், சட்டத்தின் மேல்விளிம்பில் வெட்டிய பள்ளத்தில், பலகைக்குச் சரியாகக் கீழே ஓடுகிறது. அதைத்தான் துளைத்திருக்கிறேன். ஸ்க்ரூவைக் கழற்றப் போன கையை மனைவி பிடித்துக்கொண்டாள்: "எடுக்காதீங்க, அதுதான் இப்ப அடைப்பான்." உண்மைதான். பாய்லரை அணைத்து, ரேடியேட்டர் வால்விலிருந்து வாளி வாளியாக மை நிறத் தண்ணீரை வடித்தோம். மறுநாள் பிளம்பர் வந்து ஒரு துண்டை மாற்றினார். நனைந்த பஞ்சு இரண்டு மீட்டர் குப்பைக்கு. இப்போது குழாய் போகும் வழியெல்லாம் பலகையின் மேல் பென்சில் கோடு இருக்கிறது. ஷீட்டுக்குக் கீழே ஓடும் குழாய்களுக்கு நுரை உறையும் போட்டாயிற்று.

பொருட்களுக்கு ஏறத்தாழ 330 பவுண்டு, பிளம்பர் தனி.

இந்த ஜனவரியில், அறை அதே 19 டிகிரியில் இருக்கும்போது, தரை 17. ஆனால் எண்ணைவிட எனக்குத் திருப்தி ஊதுபத்திப் புகைதான். ஓரத்தில் வைத்தாலும் நேராக நிற்கிறது. பஞ்சைவிட அந்த டேப் வேலைக்குத்தான் பாதிப் பலன் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு இடத்தில், கணப்புக் கல்லை ஒட்டி, இன்னும் லேசாக ஆடுகிறது.

அடுத்தது பின்னறை. அதற்கு அப்பால் சமையலறை கான்கிரீட் தரை. கட்டியவர்கள் கான்கிரீட்டுக்குள் காற்றுக்குழாய் விட்டார்களா, இல்லை பின்பக்க ஏர் பிரிக்கை மூடியே விட்டார்களா என்று பலகையைத் தூக்கினால்தான் தெரியும். மார்ச்சில் அம்மா மறுபடி வருகிறார், அதற்குள் தூக்கிப் பார்க்க வேண்டும்.