கிணற்றுச் சேறும் க்ரோலும்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், 'கயித்துல தொங்குற வேலை' என்று அம்மாவே பதில் சொல்லிவிடுவார். தப்பில்லை. மாட்டுத்தாவணிப் பக்கம் உயரக் கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைப்போம், மேல்நிலைத் தொட்டிக்குப் பெயின்ட் அடிப்போம். கோடை வந்தால் உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் படியில்லாத கிணறுகளில் இறங்கி மோட்டார் குழாய் சரிபார்ப்போம்.

பையில் இருக்கும் சாமான் எல்லாம் குகைக்குள் இறங்குகிறவர்கள் வைத்திருப்பதுதான். மார்பில் மாட்டினால் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்து ஆளைக் கீழே சறுக்கவிடாத க்ரோல், கையில் பிடித்து ஏறும் ஜூமார், இறங்குவதற்கு 'ஸ்டாப்' என்ற கருவி. 1958இல் சுவிட்சர்லாந்தில் ஜூசி, மார்ட்டி என்று இரண்டு பேர் செய்த கருவி ஜூமார். இருவர் பெயரையும் ஒட்டவைத்த சொல் அது. இன்று எந்தக் கம்பெனி செய்தாலும் எங்களுக்கு அது ஜூமார்தான். மதுரையில் இதற்கேற்ற குகை கிடையாது. யானைமலை, சமணர்மலையில் இருக்கும் சமணர் படுக்கைகளுக்கு நடந்தே போய்விடலாம். எங்களுக்குக் குகை என்றால் கிணறுதான்.

கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு வருஷம் ஓடினாலும் இந்தச் சாமான்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கிணற்றில் ஒரு மாதம் போதும். இங்கே பாறையை வெடிவைத்துத் தோண்டிய கிணறுகள் அதிகம். சேற்றில் பாதி கல்தூள். அது கயிற்றில் ஒட்டிக்கொண்டால் கயிறு உப்புத்தாளாகிவிடும். அந்த உப்புத்தாள்தான் அலுமினியக் கருவிக்குள் நாள் முழுக்க ஓடுகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு 70 அடிக் கிணற்றில். கீழே விஷவாயு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கினோம், அதில் குறையில்லை. வேலை முடிந்து ஏறும்போது, பாதி வழியில் மிதிகயிற்றில் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தேன். க்ரோல் பிடிக்கவில்லை. ஒரு சாண் சறுக்கி, ஜூமாரில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றில் தொங்கி நின்றேன். மேலே இருந்த அண்ணன், "பல்லைப் பாருடா, பல்லைப் பாரு" என்று கத்தினார். க்ரோலின் பற்களுக்கு நடுவே சேறு வெல்லப்பாகு மாதிரி அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் ஏறினேன். அன்றிலிருந்து பழைய பல்துலக்கி ஒன்றை நூலில் கோத்து இடுப்பில் தொங்கவிடுகிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், சரி.

ஆனால் முக்கியமான விஷயம் வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. கழுவிய க்ரோலை வெளிச்சத்தில் பிடித்து, கயிறு ஓடும் பள்ளத்தில் விரலை ஓட்டினேன். ஓரத்தில் நகம் மாட்டியது. தேய்ந்து தேய்ந்து அந்த விளிம்பு அரிவாள்மணை மாதிரி ஆகியிருந்தது. இரண்டு மாதமாகக் கயிற்றின் மேலுறை பஞ்சு பஞ்சாகப் பிரிகிறதே, மட்டமான கயிறு என்று வாங்கிவந்தவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தது என் நெஞ்சிலேயே இருந்திருக்கிறது. இப்போது வரும் க்ரோல்களில் அந்த இடத்தில் எஃகுத் தகடு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் நகம் வைத்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

கயிறு கழுவுவதற்குத் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பார்கள். மே மாதம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அதைத் தாண்டிவிடும். அதனால் விடியற்காலையில் போர் தண்ணீர் பிடித்துத்தான் கழுவுவேன். நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயில் நைலானைத் தின்றுவிடும். ஒருமுறை அம்மா நல்ல மனசோடு அதை வத்தலுக்குப் பக்கத்தில் விரித்துவிட்டார். உலர்ந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கயிற்றை அடி அடியாக மடக்கி விரலுக்குள் ஓட்டுவேன். உள்ளே எங்காவது தொய்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே கை சொல்லிவிடும்.

கைக்கும் தெரியாதது ஒன்று உண்டு. போன வருஷம் வாங்கி ஆறு மாதமே ஆன 50 மீட்டர் கயிறு, பையோடு இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்தில் கிடந்தது. பையில் ஓர் ஈரத் திட்டு. தண்ணீரா ஆசிடா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆசிட் பட்ட நைலான் பார்ப்பதற்குப் புதுசு மாதிரியே இருக்கும், பாரம் ஏற்றினால்தான் கதை தெரியும். பத்து வருஷம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று அதன் சீட்டில் போட்டிருக்கிறது என்று தம்பி ஒருவன் வாதாடினான். அண்ணன் பேசாமல் கத்தியை எடுத்தார்.

அப்படிக் கழித்த கயிறு ஒரு கிணற்றுக்காரப் பெரியவர் கண்ணில் பட்டது. "அதை ஏன்யா வீணாக்குறீங்க, கிடாரி கட்ட ஆகும்ல, குடுங்க" என்றார். யாரும் பிடித்து இறங்கிவிடக் கூடாதே என்று ஏறக்குறைய பன்னிரண்டு அடி நீளத் துண்டுகளாக வெட்டியிருந்தோம். கன்று கட்டத்தானே என்று கொடுத்துவிட்டோம். அடுத்த மாதம் அதே ஊருக்குப் போனபோது நாலைந்து துண்டுகளை ஒன்றாக முடிந்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்து அவர் பேரன் கிணற்றுக்குள் குளிக்க இறங்கிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் ஒரு முழத்துக்கு மேல் நாங்கள் விட்டுவைப்பதில்லை.