கொடுமணல் மாலைக்கு பில் எங்கே?

கோவைக் குழுவோடு நடந்த நகைப் போட்டியில் எங்களுக்கு ஐந்து மதிப்பெண் போய்விட்டது. நகை சரியில்லை என்று போயிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். பில் இல்லை என்று போனது. இன்னொரு குழு இந்த மாதிரி போட்டிக்குத் தயாராகிறது என்றால், இதைப் படித்துவிட்டுப் பாசிமணிக் கடைக்குப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போட்டியின் கருவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் மதுரை, வைகைக்காரர்கள், அவர்கள் நொய்யல்காரர்கள். எங்கள் பக்கம் கீழடி இருக்கிறது, நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது, இரண்டும் அகழாய்வு நடந்த பழங்கால ஊர்கள். அவரவர் ஆற்றை அவரவர் செய்தால் ஊர்ப்பெருமை பேசத்தான் நேரம் இருக்கும் என்று யாரோ சொல்ல, அப்படியே மாற்றிக்கொண்டோம். மதுரைக் குழு கொடுமணலை வைத்து மாலை, காதணி, வளையல் என ஒரு செட் செய்ய வேண்டும், கோவைக் குழு கீழடியை வைத்து. பரிசெல்லாம் கிடையாது, தோற்றவர்கள் மதியச் சாப்பாடு போட வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் பழனியில் சந்திப்பு. நடுவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை, இரு குழுவிலும் யாருக்கும் பழக்கமில்லாதவர்.

விதித்தாளை எழுதியது கோவைக் குழு. பிளாஸ்டிக், அக்ரிலிக் மணிகள் கூடாது. ரெடிமேட் பெண்டன்ட் கூடாது. சுடுமண் பாகங்களைக் குழுவே கையால் செய்திருக்க வேண்டும். மொத்தச் செலவு 2000 ரூபாய்க்குள். எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி: கல்மணி சேர்த்தால், கல்லின் பெயர் எழுதிய பில்லை இணைக்க வேண்டும். வாசிக்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

கொடுமணல் என்று எடுத்துவிட்டால் கல்மணியைத் தவிர்க்கவே முடியாது. அது வெறும் ஊர் இல்லை, மணிப் பட்டறை. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் இதுதான் என்கிறார்கள். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது பளிங்கு (மார்பிள் இல்லை, கண்ணாடி மாதிரி தெளிந்த கல்), பச்சைக்கல், சூதுபவளம் (செம்பழுப்புக் கல், பவளம் இல்லை), அகேட் எல்லாம் கிடைத்தன. முடிந்த மணிகள் மட்டுமில்லை, பாதி செதுக்கியவை, துளை போடும்போது உடைந்தவை, வெறும் சில்லுகள் என்று வேலை நடந்த தடம் அப்படியே கிடந்தது. (உடைந்த மணியைத் தூக்கிப்போட்ட அந்த ஆள் யாரோ, அவர்மேல் எனக்குத் தனிப் பாசமே வந்துவிட்டது.) ஆகவே சூதுபவளமும் பளிங்கும் பிரதானம், நடுவில் சுடுமண்ணில் ஒரு புலி என்று முடிவு செய்தோம். கொடுமணலில் கற்கள் பதித்த வெண்கலப் புலி ஒன்று கிடைத்திருக்கிறது, அதை நினைத்துத்தான் புலி. வரைந்து முடிக்க ஒரு சாயங்காலம்கூட ஆகவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது சூதுபவள வேட்டை. கடையில் 'சூதுபவளம்' என்று கேட்டால் பவளத்தை எடுத்து நீட்டுவார்கள், 'கார்னீலியன்' என்று கேளுங்கள். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள கடைகளில் ஏறி இறங்கி, ஒரு கடையில் நல்ல செம்பழுப்பு நிறத்தில் சரங்கள் பார்த்தோம். "ஒரிஜினல் கல்லுக்கா, கைல தொட்டுப் பாருங்க, எப்படிச் சில்லுனு இருக்கு" என்றார் கடைக்காரர். வாங்கினோம். பில் கேட்டோம். ஒரு துண்டுச்சீட்டில் 'பாசி வகை' என்று எழுதி, தொகையைப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார். கல்லின் பெயர் வேண்டும், போட்டிக்குக் காட்ட வேண்டும் என்று விளக்கினேன்.

"என்னக்கா, பாசிக்கெல்லாம் பேர் போட்டு பில் கேக்குறீங்க?"

"நீங்களே ஒரிஜினல்னு சொன்னீங்களேண்ணே, அதை எழுதித் தாங்க."

"வாயில சொல்றது வேற. எழுதிக் குடுத்தா நாளைக்கு டெஸ்ட் பண்ணிட்டு வந்து நிப்பீங்க."

அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் வெளிச்சமாகிவிட்டது இல்லையா? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டெஸ்ட் பண்ணினோம். முறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சூதுபவளம் கடினத்தில் மோஸ் அளவுகோலில் 7ஐ ஒட்டி வரும், சாதாரணக் கண்ணாடி 5.5 வாக்கில் நிற்கும். பழைய கண்ணாடித் துண்டில் மணியின் ஓரத்தை அழுத்தி இழுத்தால் கல் கீறும், கண்ணாடி மணி வழுக்கும். லென்ஸில் பார்த்து உள்ளே குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடி, சந்தேகமே வேண்டாம். சில்லென்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், கண்ணாடியும் சில்லென்றுதான் இருக்கும். எங்கள் சரம் கீறல் சோதனையில் பாஸ். ஆனால் நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சை வைத்துக் கொஞ்ச நேரம் தேய்த்ததும் பஞ்சு ஆரஞ்சு ஆகிவிட்டது. கல் கல்தான், சாயம் ஏற்றிய மட்டமான அகேட். இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் அசல் சூதுபவளம் என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல சாயம் என்றால் ரிமூவருக்கும் அசையாது, அது வேறு விஷயம்.

திருப்பிக் கொடுக்கப் போனால் "சரத்தைப் பிரிச்சிட்டீங்களே" என்றார். பிரிக்காமல் எப்படிச் சோதிப்பதாம்? பட்ஜெட்டில் ஒரு பெரிய துண்டு அந்தக் கல்லாவிலேயே போய்ச் சேர்ந்தது.

கடைசியில் ஆன்லைனில் ஒரு வியாபாரியிடம் வாங்கினோம், முறையான இன்வாய்ஸோடு வந்தது. அதில் அவர் நேர்மையாக 'கார்னீலியன், ஹீட் ட்ரீட்டட்' என்று எழுதிவிட்டார். அடுத்த சண்டை அங்கே. படத்தைக் கோவைக் குழுவுக்கு அனுப்பியதும் அவர்களின் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். "சூடு பண்ணினா அது இயற்கை இல்லைங்களே, விதியில இடிக்குதுங்க" என்றார், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதைதான் இன்னும் எரிச்சல். அம்மா, சூதுபவளத்தைச் சுட்டுச் சிவப்பாக்குவது இன்று நேற்று வந்த பழக்கமா? கல்லுக்குள் இருக்கும் இரும்புதான் சூட்டில் சிவக்கிறது. குஜராத்தின் கம்பாத்தில் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள், பழங்காலத்திலும் அதுதான் முறை. சுடாத கல்லை வாங்கியிருந்தால்தான் நம் முன்னோருக்கு மாறாகப் போயிருப்போம் என்று நீளமாக ஒரு செய்தி தட்டினேன். நடுவரிடம் விட்டார்கள். அவர் ஒரே வரியில் "சுட்டது செல்லும், சாயம் செல்லாது" என்று அனுப்பினார். அந்தச் செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பளிங்குக்கு வருகிறேன், ஐந்து மதிப்பெண் அங்கேதான் விழுந்தது. கையில் இருந்த மிச்சப் பணத்துக்கு நல்ல பளிங்கு மணி எங்கேயும் வராது. எங்கள் குழுவில் ஒருவரின் மாமியார் தன்னுடைய ஸ்படிக மாலையையே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஸ்படிகம் என்பது பளிங்குதானே. அவர் பல வருஷம் போட்டிருந்த மாலை, மணிகளின் ஓரம் தேய்ந்து, உள்ளே இயற்கையான நூலோட்டம் தெரியும் நல்ல கல். கீறலிலும் பாஸ், லென்ஸிலும் பாஸ். அவர் அதை எந்த வருஷம் வாங்கினார் என்பதே அவருக்கு ஞாபகமில்லை, இதற்கு பில்லுக்கு எங்கே போவது?

சுடுமண் வேலை இன்னொரு கதை. மண் வாங்க மானாமதுரை போனோம். கடம் செய்யும் ஊர், அதன் மண்பாண்டம் 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, மண்ணுக்குக் குறைவிருக்காது என்று நினைப்பீர்கள். நல்ல மழைக்காலம், கண்மாய் நிரம்பிக் கிடக்கிறது, மண் எடுக்கவே இறங்க முடியவில்லை, இருப்பு வைத்திருப்பது எங்க வேலைக்கே காணாது என்று கைவிரித்துவிட்டார்கள். வெறுங்கையோடு பஸ் ஏறினோம். மழைக்கு முன்பே வாங்கி ஈரத்துணி சுற்றி டப்பாவில் மூடி வையுங்கள், களிமண் கெடாது, நாள்பட்டால் இன்னும் நன்றாகத்தான் பதப்படும். எங்களுக்கு ஒரு தோழி வீட்டில் கொலு பொம்மைக்காக வாங்கி மீந்திருந்த மண் கிடைத்தது.

புலி செய்து, நிழலில் உலர்த்தி, மாடியில் உமியும் வறட்டியும் வைத்துச் சுட ஆரம்பித்தால், கீழ்வீட்டிலிருந்து துணியெல்லாம் புகை நாற்றம் என்று புகார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் மூச்சு வாங்க ஏறி வந்து, எழுத்துபூர்வமாக அனுமதி இல்லாமல் மாடியில் நெருப்பு கூடாது என்றார். கார்த்திகைக்கு மாடி முழுக்க விளக்கு வைக்கும்போது எந்த எழுத்தைக் கேட்டார் என்று தெரியவில்லை. தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினால் சூட்டில் இருக்கும் மண் வெடித்துவிடும் என்று கெஞ்சி, தகரத்தைப் போட்டு மூடிவைத்தோம். உள்ளே காற்று போகாமல் புகையிலேயே வெந்ததில், மறுநாள் திறந்தால் புலியின் முகம் சிவப்பு, பின்பாதி கன்னங்கரேல். களிமண்ணில் உள்ள இரும்பு காற்றோடு வெந்தால் சிவக்கும், காற்றில்லாமல் புகையில் வெந்தால் கறுக்கும். கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளின் சூட்சுமமும் இதுதான். நாங்கள் ஆசைப்பட்டிருந்தாலும் அத்தனை அழகாகப் பிரிந்திருக்காது. அந்தச் செயலாளருக்கு நன்றி சொல்லலாமா என்றுகூட யோசித்தோம், சொல்லவில்லை. காதணிகளையும் வளையலையும் மட்டும் மானாமதுரையில் ஒரு அண்ணன் தன் சூளையில் பானைகளுக்கு இடையில் சொருகிச் சுட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மண் தர முடியாமல் எங்களைத் திருப்பி அனுப்பிய அதே அண்ணன்.

கோர்ப்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை. கல்மணியின் துளை ஓரம் பிளேடு மாதிரி கூராக இருக்கும், பட்டு நூலில் கோர்த்தால் போட்டுக் கழற்றும்போதே மெல்ல மெல்ல அறுத்துவிடும். கியர் வயர் என்ற மெல்லிய உலோகக் கம்பிதான் சரி, முனையில் கியர் லாக் என்ற குட்டி உலோக மணியை நோஸ் பிளையரால் நசுக்கி, மிச்ச வயரை நறுக்காமல் நாலைந்து மணிகளுக்குள் திருப்பி நுழைத்துவிடுங்கள். துளை சின்னதாக இருந்தால் ஊசியை வைத்துக் குத்திப் பெரிதாக்க முயற்சி வேண்டாம், மணி பிளக்கும். பின்கழுத்துக்கு பேக் ரோப் போட்டோம், யார் போட்டாலும் அளவு சரிசெய்யலாம்.

பழனியில் நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கோவைக் குழுவின் செட் உண்மையிலேயே நன்றாக இருந்தது. கீழடியில் கிடைத்த யானைத் தந்தப் பகடையை நினைத்துக் குட்டிக் குட்டி சுடுமண் பகடைகளைக் காதணி ஆக்கியிருந்தார்கள், பெண்டன்ட்டில் பானையோட்டில் இருப்பது போலவே பழந்தமிழ் எழுத்தான தமிழியில் 'ஆதன்' என்று கீறியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கீழடிப் பொருள்களை அவர்கள் இவ்வளவு அக்கறையாகச் செய்ததைப் பார்த்ததும் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கல்மணியே சேர்க்கவில்லை, முழுக்கச் சுடுமண்ணும் கண்ணாடி மணியும். அதாவது அந்த பில் விதி அவர்களைத் தொடவே இல்லை! கெட்டிக்காரர்கள்.

நடுவர் எங்கள் புலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு நிறம் எப்படி வந்தது என்று கேட்டார், தகரக் கதையைச் சொன்னோம், சிரித்தார். வேலைப்பாட்டில் எங்களுக்குத்தான் கூடுதல் மதிப்பெண். சூதுபவள இன்வாய்ஸைப் பார்த்து டிக் போட்டார். ஸ்படிகத்துக்கு வந்து, "இதுக்கு பில்?" என்றார். மாமியார் கதையைச் சொன்னோம். மணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இங்க வந்ததுலயே நல்ல கல் இதுதான்" என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு ஐந்தைக் கழித்தார். விதி விதிதானாம். நாங்கள் தோற்றது மூன்று மதிப்பெண்ணில். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு நாங்கள்தான் காசு கொடுத்தோம். அந்த ஹோட்டலில் மட்டும் கேட்காமலே பில் வந்தது, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பெயர் போட்டு.

கோவைக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் கிளம்பும்போது "அடுத்த தடவை விதி நீங்க எழுதுங்க" என்றார். எழுதுகிறோம். கரு ஏற்கெனவே முடிவாகிவிட்டது, புதுச்சேரி பக்கத்துப் பழைய துறைமுக ஊரான அரிக்கமேடு. அங்கே செய்த கண்ணாடி மணிகளுக்குக் கடல் கடந்தும் பேர் உண்டு. கண்ணாடி என்று சொல்லியே கண்ணாடியை விற்பதில் எந்தக் கடைக்காரருக்கும் சிரமம் இருக்காது. பில் பற்றி ஒரு வரிகூட இருக்கப் போவதில்லை. ஸ்படிக மாலையை மறுபடி கோர்த்து மாமியாரிடம் கொடுத்தாயிற்று, இந்த முறை கியர் வயரில்.